சக்கர நாற்காலியை வரைவது யார்?

1968ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் வடிவமைப்பு மாணவர்கள் ஒரு பயிலரங்கில் கூடினார்கள். அங்கே டென்மார்க்கைச் சேர்ந்த சுசான் கோஃபோட் என்ற மாணவி ஒரு குறியை வரைந்தார். பக்கவாட்டில் தெரியும் ஒரு சக்கர நாற்காலி, ஒரே தடிமனில் சில கோடுகள், தலை கிடையாது. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு குறியைத் தேடிக்கொண்டிருந்த குழுவுக்குத் தலைமை வகித்த கார்ல் மொன்டான், அந்தக் கோடுகளின் மேல் ஒரு வட்டத்தைச் சேர்த்தார். எழுத்துகளைப் பின்னிய முத்திரைபோல் அது தோன்றிவிடக் கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். 1969இல் டப்ளினில் நடந்த மாநாட்டில் குறி ஏற்கப்பட்டது. இன்று ரயில் பெட்டியிலும் மருத்துவமனைக் கழிப்பறைக் கதவிலும் வாகன நிறுத்துமிடத்திலும் நாம் காணும் நீலப் பலகை அதுதான். மாற்றுத்திறனாளிகளைப் பற்றி உலகில் மிக அதிகமான கண்கள் பார்த்த படம் ஒரு மாணவி வரைந்தது. கருவி முதலில் வந்தது. மனிதனின் தலை பிறகு ஒட்டப்பட்டது, அதுவும் குறி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. மாணவர் ஓவியங்களைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இந்த வரலாறே போதும். அந்தப் படங்கள் வளர்ந்து பலகைகளாகவும் பழக்கங்களாகவும் மாறக்கூடியவை.

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். 1992இல் ஐ.நா. பொதுச்சபை இதை அறிவித்தது. 2014இல் அந்த நாளுக்கான கருப்பொருள் தொழில்நுட்பம் தரும் வாக்குறுதியைப் பற்றியது. 2022இல் மீண்டும் புதுமைக் கண்டுபிடிப்புகளின் பங்கு பேசப்பட்டது. இந்த நாளை ஒட்டிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தொழில்நுட்பத்தையும் மாற்றுத்திறனாளிகளையும் இணைத்து ஓவியப் போட்டிகள் நடத்தும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. தலைப்பு பெரும்பாலும் ஒரே சாயலில் அமையும்: மாற்றுத்திறனாளிகளின் வாழ்வில் தொழில்நுட்பம், தொழில்நுட்பத்தால் மலரும் வாழ்க்கை, எல்லோருக்குமான நாளைய உலகம். வந்து குவியும் படங்களுக்கும் ஒரு பொதுச் சாயல் உண்டு. சார்ட் தாளின் நடுவில் சக்கர நாற்காலி, அதில் சிரித்தபடி ஒரு சிறுவன், பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவர், ஓரத்தில் உலோகக் கை நீட்டும் ஒரு ரோபோ, மேலே கதிர் வீசும் கணினித் திரை. சிறுவன் எதையும் செய்வதில்லை. அவனுக்கு எல்லாம் செய்யப்படுகிறது. வரைந்த பிள்ளையை இதற்காகக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தொழில்நுட்பம் இவர்களுக்கு எப்படி உதவுகிறது என்று கேட்டால், உதவுபவரும் உதவி பெறுபவரும்தான் தாளில் வந்து நிற்பார்கள். கேள்வியின் இலக்கணமே படத்தின் இலக்கணமாகிறது. இத்தகைய போட்டியில் படம் சரியாக அமைவது பிள்ளையின் திறமையைவிடத் தலைப்பை எழுதுபவர், போட்டிக்குள் நுழையக்கூடியவர், தீர்ப்புச் சொல்பவர் ஆகிய மூவரையே அதிகம் சார்ந்திருக்கிறது என்பது என் வாதம். இந்த மூன்று இடங்களிலும் மாற்றுத்திறனாளிகள் இல்லாத போட்டி, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு நடந்தாலும், எந்த ஒதுக்கலைக் களைய வந்ததோ அதையே வண்ணம் பூசிக் காட்டும்.

நீலப் பலகைக்கே திரும்பலாம். அது கற்றுத்தருவது இன்னும் இருக்கிறது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. மக்கள்தொகையில் இது 2.21 சதவீதம். இவர்களில் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் என்று குறிக்கப்பட்டோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. அவர்களிலும் எல்லோரும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கேட்கும் திறன் குறைந்தவர்களும் தலா அதே அளவை ஒட்டியே இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியாவும் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் அடங்கும். ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவரை வரையச் சொன்னால் நம் கை சக்கரத்திலிருந்துதான் தொடங்குகிறது. பலகை நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. இந்தப் பழக்கம் மனிதக் கையோடு நிற்கவில்லை. சொல்லைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மாற்றுத்திறனாளிகளை எப்படிக் காட்டுகின்றன என்பதை ஓர் ஆய்வுக் குழு பலவகைக் குறைபாடுகள் கொண்ட 25 பேருடன் அமர்ந்து ஆராய்ந்து, 2024இல் முடிவுகளை வெளியிட்டது. திரும்பத் திரும்ப வந்தவை சக்கர நாற்காலிகள், தனிமை, சோகம் கவிந்த முகங்கள். எங்களைக் காட்டச் சொன்னால் சக்கர நாற்காலியைத்தான் காட்டுகிறார்கள் என்ற பங்கேற்பாளர்களின் ஆதங்கமே அந்த ஆய்வறிக்கையின் தலைப்பானது. மனிதர்கள் அரை நூற்றாண்டாக வரைந்தும் படம் எடுத்தும் வைத்தவற்றைத் தின்று வளர்ந்த இயந்திரம் அவற்றையே திருப்பித் தருகிறது. இன்றைய போட்டிப் படங்களும் நாளை அதே கிடங்கில்தான் போய்ச் சேரும்.

நீலப் பலகையின் குறியைத் திருத்தும் முயற்சியும் நடந்தது. 2010இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் சாரா ஹெண்ட்ரன், பிரையன் கிளென்னி ஆகிய இருவரும் பழைய பலகைகளின் மேல் ஒட்டும் வில்லைகளைத் தயாரித்தார்கள். விறைத்து உட்கார்ந்திருந்த உருவம் புதிய குறியில் முன்னே சாய்ந்து, கையைப் பின்னால் வீசி, தன் சக்கரத்தைத் தானே உந்துகிறது. 2014இல் நியூயார்க் மாநிலம் இதைச் சட்டமாக்கி ஏற்றது. வரவேற்பு இருந்த அளவுக்கு மாற்றுத்திறனாளிகளிடமிருந்து மறுப்பும் வந்தது. கையை அசைக்க முடியாமல் மின் நாற்காலியில் செல்பவர் இந்தப் படத்தில் எங்கே இருக்கிறார், வேகமும் தசைபலமும் இருந்தால்தான் மதிப்பா என்று அவர்கள் கேட்டார்கள். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை, முடியவும் வேண்டாம். படத்துக்குள் இருப்பவர் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அதன் தரம் உயர்கிறது என்பதே இதில் நான் காணும் பயன்.

கேள்வியை உள்ளிருந்து எழுப்புவதற்கும் வெளியிலிருந்து எழுப்புவதற்கும் உள்ள தூரத்தைப் பிரெய்லின் கதையைப்போலத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய வாலந்தேன் ஆயுய் உண்மையான அக்கறை கொண்டவர். பார்வையுள்ளோரின் எழுத்தையே தாளில் புடைத்து நிற்கும்படி அச்சிட்டால் பிள்ளைகள் தடவிப் படிப்பார்கள் என்று எண்ணினார். புத்தகங்கள் பெருத்துக் கனத்தன. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரல் சுற்றிவர வேண்டியிருந்ததால் வாசிப்பு ஊர்ந்தது. அந்த முறையில் பிள்ளைகளால் தாமாக எழுதவும் இயலவில்லை. அதே பள்ளியில் 1819இல் சேர்ந்த லூயி பிரெய்ல், ராணுவ அதிகாரியாக இருந்த பார்பியே தொட்டுப் படிக்கும்படி உருவாக்கிய 12 புள்ளி முறையை எடுத்து, ஒரே தொடுகையில் விரல்நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அப்போது அவருக்கு வயது 15. நம் எழுத்தை இவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்பது ஆசிரியரின் கேள்வி; என் விரல் எதை விரைவாக அறியும் என்பது மாணவனின் கேள்வி. பார்வையுள்ளவர் கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் எழுத்தைப்போலவே தெரியாததால் 1840களில் பள்ளி நிர்வாகம் அவற்றைத் தடைசெய்தது. மாணவர்கள் ஒளித்து வைத்துப் பயன்படுத்தினார்கள். பிரான்ஸ் அரசு பிரெய்லை முறைப்படி ஏற்றது 1854இல், அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நம் காலத்திலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. திரைவாசிப்பான் மென்பொருள்களின் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார்கள். அது இன்று தமிழையும் படித்துச் சொல்கிறது.

என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. பிள்ளைகள் மனத்தில் பரிவை விதைக்கத்தானே போட்டி? அரசியலையும் கோட்பாட்டையும் அவர்கள் தலையில் ஏற்றுவானேன்? பரிவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து கற்பனை செய்யும் பரிவு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, நாற்காலியில் அரை மணி நேரம் சுற்றுவது போன்ற பாவனைப் பயிற்சிகளை அமெரிக்க உளவியலாளர் மிஷல் நாரியோ ரெட்மண்டும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் ஆராய்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் கனிவு கூடியது உண்மை. கூடவே குழப்பமும் இயலாமை உணர்வும், நமக்கும் இப்படி நேர்ந்துவிடுமோ என்ற அச்சமும் கூடின. மாற்றுத்திறனாளிகளோடு பழகுவது குறித்த மனப்பாங்கு மேம்படவில்லை. அரை மணி நேரம் கண்ணைக் கட்டியவர் அறிவது பார்வை இழந்த முதல் அரை மணி நேரத்தை மட்டும்தான். பிரெய்ல் படித்து, ஊன்றுகோலோடு ஊர் சுற்றி, கைப்பேசியில் செய்தி கேட்டு வாழும் ஒருவரின் வாழ்க்கை அவருக்குப் பிடிபடுவதில்லை. அச்சத்தில் பிறந்த படம் இரக்கத்தைத்தான் கேட்கும். இன்னொரு பக்கம், எதைச் செய்தாலும் சாதனை என்று கைதட்டுவது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஸ்டெல்லா யங் 2014இல் ஆற்றிய உரையில் இதைக் கடுமையாகச் சாடினார். பிறர் ஊக்கம் பெறுவதற்கான காட்சிப் பொருளாக எங்களை ஆக்காதீர்கள் என்றார். போட்டிச் சுவர்களில் தொங்கும் படங்களில் இந்த இரண்டு வகையையும் கழித்துவிட்டால் மிஞ்சுபவை சொற்பம்.

அப்படியானால் குறைபாடு இல்லாத பிள்ளை இதைப் பற்றி வரையவே கூடாதா என்று கேட்பார்கள். கட்டாயம் வரையலாம். அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாதி இருக்கிறது, அது தடை. தன் பள்ளி வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், இணையவழிப் படிவத்தில் நெளிந்த எழுத்துகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பெட்டி எங்கே வருகிறது என்பதெல்லாம் அது தினமும் காண்பவை. தொழில்நுட்பம் எப்படி உதவுகிறது என்ற தலைப்பை மாற்றி, தொழில்நுட்பம் யாரை வெளியே நிறுத்தியிருக்கிறது என்று கேட்டால் தாளில் வருவது முற்றிலும் வேறாக இருக்கும். இதற்கு ஓர் இந்தியச் சான்று, உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய தீர்ப்பு. வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் கார்டு வாங்கவும் அடையாளத்தைச் சரிபார்க்கும்போது கைப்பேசித் திரை, உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்ய, கண்ணைச் சிமிட்டச் சொல்லிவந்தது. அமில வீச்சில் இமையும் கண்ணும் சிதைந்தவர்களால் சிமிட்ட இயலாது. இயந்திரத்தைப் பொறுத்தவரை அவர்கள் உயிருள்ளவர்கள் என்று நிரூபிக்கவில்லை. அவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறி, அடையாளச் சரிபார்ப்பு முறைகளைத் திருத்த ஆணையிட்டது. சிமிட்டு என்று கட்டளையிடும் திரையையும் சிமிட்ட முடியாத முகத்தையும் ஒரு 13 வயதுப் பிள்ளை வரைந்தால், அதில் இரங்கத்தக்கவராக அந்த முகம் தோன்றாது. திருத்த வேண்டியதாக அந்தத் திரை தோன்றும். பறக்கும் நாற்காலியையும் எந்திர மனிதனையும் வரைவதில் குற்றமில்லை. ஆனால் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 250 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு துணைக்கருவி தேவை. அவர்களில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. அந்தக் கருவிகளில் மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் அடங்கும். எதிர்காலக் கனவுகள் இந்த நிகழ்காலத்தை மறைத்துவிடக் கூடாது.

பார்வையற்ற பிள்ளை ஓவியப் போட்டியில் என்ன செய்யும் என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. விடை தெரியும் என்று நினைக்கிறார்கள். டொரண்டோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கென்னடி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் பயன்படுத்திய கருவி எளியது. ரப்பர் பரப்பின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். பந்துமுனைப் பேனாவால் அழுத்திக் கீறினால் தாள் சுருங்கிக் கோடு மேலெழும். வரைபவர் வரைந்துகொண்டே விரலால் அதைத் தொட்டறியலாம். பிறவியிலேயே பார்வையற்றவர்களும் பொருளின் விளிம்பைக் கோடாக வரைந்தார்கள். ஒன்றை இன்னொன்று மறைப்பதைக் காட்டினார்கள். சுழலும் சக்கரத்தை வரையச் சொன்னபோது ஆரக்கால்களை வளைத்து வரைந்து சுழற்சியை உணர்த்தியவர்களும் உண்டு. வெவ்வேறு வகைக் கோடுகள் எந்த வகை அசைவைக் குறிக்கின்றன என்று கேட்டபோது பார்வையற்றவர்களின் விடைகளும் பார்வையுள்ளவர்களின் விடைகளும் பெருமளவு ஒத்துப்போயின. படம் என்பது கண்ணுக்கு மட்டும் உரியதென்ற நம் எண்ணம் இந்த ஆய்வுகளின் முன் நிற்பதில்லை. சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. 1950களின் பிற்பகுதியில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதுவும் போயிற்று. அதன்பிறகும் காகிதம் வெட்டி ஒட்டிய படங்களும் களிமண் உருவங்களும் செய்தார். கலாபவனச் சுவரில் ஓடுகளால் பெரிய சுவரோவியம் அமைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். போட்டி விதிகளில் ஏ3 தாள், வாட்டர் கலர், இரண்டு மணி நேரம் என்று அச்சிடும்போது நாம் பல பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறோம். கை நடுக்கமுள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். கேட்கும் திறனற்ற பிள்ளைக்குத் தலைப்பைச் சைகை மொழியில் விளக்க ஒருவர் வேண்டும். களிமண்ணும் துணியும் புடைத்த கோடும் ஏற்கப்பட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் போட்டிகள் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். இருக்கின்றன, அவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1981இல் டோக்கியோவில் தொடங்கிய தொழில்திறன் போட்டியான அபிலிம்பிக்ஸ் 2003இல் புது தில்லியில் நடந்தது. கொரியாவின் முன்முயற்சியில் 2011இல் தொடங்கிய மாற்றுத்திறன் இளைஞர்களுக்கான உலகத் தகவல் தொழில்நுட்பப் போட்டி, பங்கேற்பவர்களைக் கருவி பெறுபவர்களாகக் கருதாமல் கருவியை ஆள்பவர்களாகக் கருதுகிறது. இத்தகைய மேடைகள் தேவை. பொதுப் போட்டி ஒருவரை விலக்கிவிட்டு, உனக்குத் தனி இடம் இருக்கிறதே என்று அதைக் கைகாட்டும்போதுதான் சிக்கல். ஒருங்கிணைப்பையே தலைப்பாக வைத்த போட்டிக்கு அந்தச் சாக்கு கொஞ்சமும் பொருந்தாது. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் கலைத்திறன் அவர்கள் நலனுக்காக மட்டுமின்றிச் சமூகத்தின் வளத்துக்காகவும் வளர்க்கப்பட வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கலையை அணுகத்தக்கதாக்குவதையும், கலைப் பாடங்களை அனைவரும் பங்கேற்கும்படி மாற்றியமைப்பதையும் அரசின் கடமையாக வைத்திருக்கிறது. திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வகுத்த நெறிகளில், அவர்களைக் கலந்து ஆலோசிக்காமல் அவர்களைப் பற்றிய படைப்பு உருவாகக் கூடாது என்பது முக்கியமானது. சினிமாவுக்குச் சொன்னது பள்ளிச் சுவரொட்டிக்கும் பொருந்தும். அப்படியிருக்க, இந்தத் தலைப்பில் பரிசுக்குரிய படத்தைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லாமல் போவதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? தலைமை விருந்தினராக ஒருவரை அழைத்துச் சால்வை போர்த்துவது நடுவர் நாற்காலிக்கு ஈடாகாது.

செலவு ஆகும், ஆள் கிடைக்கமாட்டார்கள் என்ற மறுப்பு கடைசியில் வரும். புடைப்புக் கோட்டுப் பலகைக்கும் சைகை மொழிபெயர்ப்பாளருக்கும் பணம் வேண்டும் என்பது உண்மை. சிறிய பள்ளியால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாது. செலவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். வரைந்த ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தில் என்ன இருக்கிறது என்பதை ஐந்தாறு வரிகளில் எழுதியோ சொல்லியோ தர வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்க்கலாம். அந்த வரிகளைத் திரைவாசிப்பானில் கேட்டுப் பார்வையற்ற ஒருவர் மதிப்பெண் இடலாம். தன் படத்தைச் சொல்லாக்கும் பிள்ளை, சக்கர நாற்காலியில் ஒரு சிறுவன் இருக்கிறான் என்று எழுதிய பிறகு, அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்ற இடத்துக்கு வந்தே தீரும். சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்பதைத் தவிர எழுத எதுவும் இல்லையென்றால், தாளைத் திரும்ப எடுத்து அவன் கையில் ஏதாவது கொடுக்க அதற்கு இன்னும் நேரம் இருக்கும்.